கடைசிக் கை

எங்கள் ஊர் தோற்கத் தொடங்கும்போதுதான் என்னைத் தேடுவார்கள். வென்றுகொண்டிருக்கும்வரை நான் ஒருவன் அங்கே இருப்பது யாருக்கும் நினைவிராது. வாலிபத்தில் தொடங்கித் தலை நரைக்கும்வரை அதுதான் என் தொழில் என்று சொன்னால் சிரிப்பீர்கள். வயிற்றுப்பாட்டுக்குப் புகையிலையும் வெங்காயமும் பயிர் செய்தேன், அது வேறு. ஆனால் யாழ்ப்பாணத்தில் நீர்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களில் என்னை யாரும் தோட்டக்காரன் என்று சொன்னதில்லை. ‘கடைசிக் கை’ என்றுதான் சொன்னார்கள்.

சித்திரை வருஷம் பிறப்பதற்கு முன்னும் பின்னுமாக எங்கள் பக்கத்தில் போர்த்தேங்காய் அடி நடக்கும். இதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு ஊர்கள், இரண்டு சாக்குத் தேங்காய். ஒருவன் தன் தேங்காயை நிலத்தில் சிறு பள்ளம் செய்து அதில் இருத்துவான். மற்றவன் தன் தேங்காயைக் கையில் பிடித்து, தோளுக்கு மேலே ஓங்கி, அதன் தலையில் எறிவான். இரண்டில் ஒன்று உடையும், இல்லாவிட்டால் இரண்டும் தப்பும். அடுத்ததாக இவன் இருத்த அவன் அடிப்பான். எந்த ஊரின் சாக்கு முதலில் வெறுமையாகிறதோ அந்த ஊர் அடுத்த சித்திரைவரை தலை குனிந்து திரிய வேண்டும். வேறு ஒன்றுமில்லை. இதற்காக அண்ணனும் தம்பியும் முகம் பார்க்காமல் இருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

கறிக்கு வாங்குகிற தேங்காய் இதற்கு உதவாது. காய் சிறிதாக இருக்க வேண்டும், சிரட்டை தடித்திருக்க வேண்டும், விரலால் சுண்டினால் கல்லைச் சுண்டிய சத்தம் வர வேண்டும். தென்மராட்சியில் சில வளவுகளில் சில மரங்கள்தான் அப்படிக் காய்க்கும். மாசி மாதமே எங்கள் ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு போய் மரத்தடியில் காவல் கிடப்பார்கள். நல்ல காய் கிடைத்தால் பிள்ளைப்பேறு வீட்டிலிருந்து வருகிறவர்கள்போல முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வருவார்கள்.

காய் எவ்வளவு நல்லதானாலும் கை வேண்டுமே. காயை விரல் விடுகிற நேரம்தான் எல்லாம். கொஞ்சம் முந்தினால் காய் சறுக்கிப் பக்கத்தில் போகும். கொஞ்சம் பிந்தினால் இரண்டு காய்க்கும் நடுவே விரல் மாட்டும். என் நடுவிரல் நகம் இன்றைக்கும் கறுப்பாகத்தான் முளைக்கிறது. பலசாலிகள் எத்தனையோ பேர் வந்து ஓங்கி அடித்துவிட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டு போனார்கள். பலம் தோளில் இல்லை, பொறுமையில் இருக்கிறது என்று அவர்களுக்குப் புரியவில்லை.

எங்கள் ஊரின் முதல் கை என் மச்சான். அந்த நாளில் அவன் மச்சான் ஆகவில்லை, பக்கத்துத் தோட்டக்காரன், என்னிலும் ஒரு வயது மூத்தவன். அவனுடைய தோட்டத்துக்கும் எங்களுடைய தோட்டத்துக்கும் ஒரே கிணறு. பங்குக் கிணறு. ஒரு நாள் அவர்களுடைய முறை, மறுநாள் எங்களுடைய முறை என்று தண்ணீர் இறைத்தோம். அவன் அடிக்கிற அழகைச் சொன்னால் பொய் என்பீர்கள். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு காலை முன்னே வைத்து, காயை ஒருதரம் நெற்றியில் தொட்டு எடுப்பான். பிறகு கை மேலே போவது தெரியும், வருவது தெரியாது. ஓர் ஊர் முழுக்க வந்து அவன் கையை மட்டும் பார்த்துவிட்டுப் போன வருஷங்கள் உண்டு.

அவனுக்குக் கை ஓய்ந்தால் நான். அதுவரைக்கும் நான் ஒரு பனைமரத்தின் கீழே தனியே இருப்பேன். உப்பை வறுத்துத் துணியில் பொட்டலம் கட்டித் தோளில் ஒத்துவேன். நல்லெண்ணெய் பூசி உருவுவேன். தோள் குளிர்ந்துபோனால் முதல் அடி பிழைக்கும். கடைசிக் கைக்கு முதல் அடி பிழைக்கக் கூடாது, ஏனென்றால் அதற்குள் சாக்கில் இரண்டோ மூன்றோ காய்தான் கிடக்கும். எனக்குப் பக்கத்தில் யாரும் வந்து குந்த மாட்டார்கள். நான் எழும்பினால் ஊருக்கு ஆபத்து என்று அர்த்தம், ஆகவே என் முகத்தைப் பார்ப்பதையே சனம் விரும்பவில்லை. எங்கள் அணிக்குப் பொறுப்பாக இருந்த சுருட்டுக்கொட்டில் முதலாளி ஒருவர்தான் இடையிடையே வந்து, “தம்பி, சூடாய் இருக்கிறியோ?” என்று கேட்டுவிட்டுப் போவார். வென்று முடிந்தால் மச்சானைத் தோளில் தூக்குவார்கள். நானே அடித்து வென்றாலும் அவனைத்தான் தூக்குவார்கள். எனக்கு அதில் கோபம் வராது என்று சொல்ல நான் சாமியார் இல்லை.

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம். எங்கள் ஊரில் கை மாறுவதற்கு ஒரு முறை இருந்தது. முதல் கைதான் தன் காயைத் தன் கையாலே கடைசிக் கையின் உள்ளங்கையில் வைத்து, “பிடி” என்று சொல்ல வேண்டும். முதலாளி சொல்லி மாற்ற முடியாது. ஊர் சொல்லியும் முடியாது. கடைசிக் கை போய்க் கேட்கவும் கூடாது. கேட்டு வாங்கிய காய் உடையும் என்பது எங்கள் நம்பிக்கை. கொடுத்துவிட்டால் அவன் அன்றைக்குத் திரும்பவும் தொட முடியாது. மற்ற ஊர்களில் இப்படியெல்லாம் இல்லை, களைத்தவன் விலகுவான், வேறொருவன் வருவான். எங்களுக்குத்தான் இந்தப் பெரிய மானம். அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டோம்.

நல்ல காலத்தில் அவன் சரியான நேரத்தில் தந்தான். கை ஓய்வதற்குச் சற்று முன்னே, என்னைத் திரும்பிப் பார்ப்பான். நான் எழும்பி வருவேன். காய் அவன் வியர்வையோடு சூடாக என் உள்ளங்கைக்கு வரும். “பிடி” என்பான். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் காலை தொடங்கி உப்பு வறுத்தேன் என்று நினைக்கத் தோன்றும். சுன்னாகத்துக்கு அங்காலேயிருந்தும் ஆட்கள் வந்து, தங்கள் ஊருக்குக் கடைசிக் கையாக வரும்படி என்னை வண்டி வைத்து அழைத்துப் போயிருக்கிறார்கள். வேட்டி சால்வை தந்து, பந்தியில் முதல் இலை போட்டார்கள். அங்கே காயை யார் யாரோ தந்தார்கள். அடித்தேன், வென்றேன். ஆனால் “பிடி” என்று சொல்ல அங்கே ஆள் இருக்கவில்லை.

பிறகு அவன் தங்கையை நான் கட்டினேன். ‘முதல் கை கடைசிக் கைக்குத் தங்கச்சியையும் குடுத்திட்டான்’ என்று ஊரில் பகிடி விட்டார்கள். என் மனைவி வாய்க்காரி. போர்த்தேங்காய் என்றாலே அவளுக்கு எரிச்சல். வென்ற ஊருக்குத்தான் உடைந்த காயெல்லாம் சேரும். எங்கள் பங்கு ஓலைக் கடகத்தில் வந்து இறங்கும்போது, “அண்ணையும் நீங்களும் கையை உடைச்சுக்கொண்டு வந்து என்னைச் சம்பல் இடிக்க விடுறியள்” என்பாள். ஆனாலும் அந்தச் சம்பலை அயல் முழுக்கக் கொண்டுபோய்க் கொடுத்துப் பீற்றிக்கொள்வதும் அவள்தான்.

மச்சானுடைய தோளில் பிழை இருக்கிறது என்பதை முதலில் கண்டவளும் அவள்தான். கோயில் கொடியேற்றத்தன்று சனமெல்லாம் இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பி அரோகரா சொன்னது. மச்சானுடைய இடக்கை மேலே போனது. வலக்கை நெஞ்சுவரை வந்து நின்றது. அவன் உடனே இடக்கையையும் நெஞ்சுக்கு இறக்கி அடக்கமாகக் கும்பிடுகிறவன்போல நின்றான். அவன் ஒருநாளும் அடக்கமாகக் கும்பிட்டவன் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“இஞ்சாருங்கோ, அண்ணைக்குக் கை ஏலாமல் கிடக்கு. கண்டனீங்களோ?”

“கண்டனான்.”

“பேந்தென்ன பேசாமல் நிக்கிறியள்? வாற சித்திரைக்கு நீங்கள் வெள்ளனவே காயை வாங்கிப் போடுங்கோ.”

“வாங்கிறதோ? அவன் தரவேணும்.”

“அவர் தரமாட்டார் எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே.”

“தராட்டி நான் பறிக்கிறதே?”

“பறியுங்கோ. என்ன குறைஞ்சு போச்சு? அந்தக் கையாலைதான் அவர் தோட்டம் செய்யவேணும். நாலு பிள்ளையள் இருக்குது. உந்தத் தேங்காயோ பிள்ளையளுக்குச் சோறு போடுது?”

அவள் சொன்னதில் ஓர் எழுத்தும் பிழை இல்லை. கிணற்றில் பட்டை பிடிக்கிறவனுக்குக் கைதான் சீவியம். எங்கள் துலாவில், அதாவது கிணற்று ஏற்றமரத்தில், கூலிக்கு வருகிற இருவர் மேலே ஏறி மிதிப்பார்கள். பனையோலைப் பட்டை கிணற்றுக்குள் போய்த் தண்ணீரை அள்ளிக்கொண்டு மேலே வரும். அதைத் தாங்கித் தொங்கும் துலாக்கொடியோடு எட்டிப் பிடித்து, இழுத்து, வாய்க்காலில் கவிழ்க்கிறவன் தோட்டக்காரன். விடிந்து வெயில் ஏறும்வரை அந்த இழுவை. தோள் இல்லாதவனால் அது ஆகாது, தண்ணீர் இல்லாத தோட்டம் எங்கள் செம்மண்ணில் நாலு நாளும் தாங்காது.

மறுநாள் கிணற்றடியில் அவனிடம் கேட்டேன். அவன் பட்டையைக் கவிழ்த்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கதைத்தான்.

“மச்சான், தோள் எப்பிடி?”

“ஏன், உனக்கு விலைக்கு வேணுமோ?”

“பகிடியை விடு. ஒருக்கால் பரியாரியிட்டைக் காட்டு. இந்த வருஷம் நான் முதலே வாறன்.”

“ஆர் சொன்னது? உன்ரை பெண்டிலோ?”

“அவள் உன்ரை தங்கச்சி.”

“ஓம், அதுதான் வாய் நீளம். நீ எண்ணெயைப் பூசிக்கொண்டு இரு. தேவையெண்டால் கூப்பிடுவன்.”

எனக்கு எரிந்துகொண்டு வந்தது. இவ்வளவு காலமும் அவனுடைய தோல்வியைத் துடைத்துக் கொடுத்தவன் நான். என்னை எண்ணெய் பூசிக்கொண்டு இருக்கச் சொல்கிறான். ஆனால் திரும்பி நடக்கும்போது அவன் பட்டையை இடது முழங்கையால் அணைத்துக் கவிழ்ப்பதைக் கண்டேன். கோபம் போய்ப் பயம் வந்தது.

அந்தச் சித்திரை, ஜப்பான்காரன் குண்டு போட்ட உலகச் சண்டைக் காலம். அரிசிக்குக் கூப்பன் வந்துவிட்டது. தேங்காயைக் கல்லில் அடித்து உடைப்பதே பாவம் என்று சனம் கதைத்த காலத்தில் ஒரு சாக்கு சேர்ப்பதற்கு முதலாளி பட்ட பாடு கொஞ்சமல்ல. இதுதான் கடைசி அடி, இனிச் சண்டை முடிந்து பார்ப்போம் என்று பேச்சு இருந்தது. சுன்னாகத்துக்கு மேற்கே ஓர் ஊரோடு, அறுவடை முடிந்த வயலில். மச்சான் சாரத்தை மடித்துக் கட்டினான். காயை நெற்றியில் தொட்டான். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எல்லாம் பழையபடிதான். எனக்கு மட்டும் அந்தக் காய் நெற்றிக்குப் போவதற்கு முன்னே அவன் தலை காய்க்குக் குனிந்தது தெரிந்தது.

முதலில் நன்றாகத்தான் அடித்தான். அதுதான் வினை. எதிர்ப்பக்கத்தில் காய் மேல் காயாக உடைந்தது, எங்கள் ஊர் ஆர்ப்பரித்தது, முதலாளி என் பக்கம் வரவேயில்லை. வெயில் ஏறியபோது அடி குறையத் தொடங்கியது. ஓங்குகிற உயரம் குறைந்தது. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் அவன் வாயைத் திறந்து மூச்சு விட்டான். எங்கள் காய்கள் உடையத் தொடங்கின. இரண்டு சாக்கும் சரி மட்டத்துக்கு வந்து, பிறகு எங்களுடையது கீழே போயிற்று.

நான் எழும்பி நின்றேன். நான் எழும்பியதைச் சனம் கண்டது, ஆர்ப்பரிப்பு அடங்கியது. மச்சான் திரும்பிப் பார்க்கவில்லை. முதலாளி அவனுக்குக் கிட்டப் போய் மெல்ல ஏதோ சொன்னார். அவன் தலையை ஆட்டினான். இன்னொரு காய் உடைந்தது. என் கால் முன்னே போகப் பார்த்தது. போகவில்லை. எத்தனை பேர் அங்கே நின்றோம், பெரியவர்கள், படித்தவர்கள், உரமான ஆட்கள். ஒரு மனிதனுடைய கை எல்லார் கண்ணுக்கும் முன்னே அழிந்துகொண்டிருக்கிறது. போய் அந்தக் காயைப் பறிக்க ஒருவனுக்கும் தோன்றவில்லை. முறை என்று ஒன்று இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்போதுதான் வரம்பில் என் மனைவியைக் கண்டேன். பெண்கள் அந்த இடத்துக்கு வருவதில்லை. அவள் தலைமயிரைக்கூட முடியாமல் ஓடி வந்திருந்தாள்.

“அண்ணை! குடுத்துத் துலையுங்கோவன்!”

வயல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். மச்சானுடைய முகம் கறுத்துப் போனது. தங்கை வந்து கத்தியிராவிட்டால் அவன் தந்திருப்பான் என்று பிறகு ஊரில் சிலர் சொன்னார்கள். அவர்களுக்கு வேலை இல்லை. அவன் தந்திருக்க மாட்டான், எனக்குத் தெரியும். அவன் காலை முன்னே வைத்து, இளமையில் ஓங்கியதுபோல முழு உயரத்துக்கு ஓங்கினான். ஒரு சத்தம் கேட்டது. இரண்டு காயும் முழுதாகக் கிடந்தன. சத்தம் வேறு இடத்திலிருந்து வந்திருந்தது.

வலக்கை தொங்கியது. அவன் கத்தவில்லை. குனிந்து இடக்கையால் காயை எடுத்தான். இடக்கையால் ஒருவருக்கு ஒன்றைக் கொடுப்பது மரியாதை இல்லை, அதுவும் அந்தக் காயை. அவன் காயை வலது உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடித்துவிட்டு, இடக்கையால் வலது முழங்கையைத் தாங்கித் தூக்கிக்கொண்டு என்னிடம் நடந்து வந்தான். முகத்தில் வியர்வை ஓடியது.

“பிடி” என்றான்.

நான் பிடித்தேன். எங்கள் சாக்கில் மிச்சம் இருந்ததை வைத்து அடித்தேன். வென்றேன். என்னுடைய சீவியத்தில் அதுபோல நான் அடித்ததில்லை. ஒவ்வொரு அடியும் அந்த முதலாளியின் தலையில், முறையின் தலையில், மச்சானின் தலையில், என் தலையில் விழுந்ததாக நினைத்து அடித்தேன். முடிந்ததும் முதன்முறையாக என்னைத் தூக்க வந்தார்கள். தொடாதே என்று தூஷணத்தில் ஏசினேன்.

முறிவு வைத்தியம் பார்க்கிற பரியாரி தடவிப் பார்த்துவிட்டு, எலும்பு என்றால் கட்டலாம், உள்ளே நரம்பும் சவ்வும் அறுந்ததை எதைக் கொண்டு கட்டுவது என்றார். எண்ணெய் தந்தார். இலை அரைத்துப் பற்றுப் போட்டார். வீக்கம் வற்றியது. கை வரவில்லை. முழங்கைக்குக் கீழே அசையும், ஆனால் ஒரு செம்பைத் தூக்க ஏலாது. சோற்றை வாய்க்குக் கொண்டுபோக ஏலாது. ஆகவே இடக்கையால் சாப்பிட்டான். மனிதருக்கு முன்னே எப்படிச் சாப்பிடுவது? கலியாணவீடு, செத்தவீடு, கோயில் அன்னதானம் எதற்கும் போகாமல் விட்டான். வீட்டிலும் சுவரைப் பார்த்துக் குந்தியிருந்து சாப்பிட்டான். ஒருநாள் நான் தெரியாமல் குசினிப் பக்கம் போய், அவன் முதுகைக் கண்டுவிட்டுச் சத்தம் போடாமல் திரும்பினேன். 

தோட்டம்தான் அதைவிடக் கொடுமை. மழையில்லாத சோளகக் காற்று தொடங்கியிருந்தது. அவன் மிளகாய்க் கன்று நட்டிருந்தான். அவனுடைய முறை நாளில் மிதிக்கிறவர்கள் வந்து துலாவில் ஏறி நிற்பார்கள். அவன் இடக்கையால் பட்டையைப் பிடிக்கப் பார்ப்பான். பட்டை சுழன்று அவன் நெஞ்சில் இடித்துப் பாதித் தண்ணீரைக் கிணற்றுக்குள்ளேயே கொட்டும். இரண்டு பாத்தி நனைவதற்குள் வெயில் வந்துவிடும். மற்றப் பாத்திகளில் கன்றுகள் தலை சாய்ந்து கிடந்தன.

நான் வேலியருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கேதான் எங்கள் ஊர்க்காரன் ஒருவனால் மட்டும் செய்யக்கூடிய மடைத்தனத்தைச் செய்தேன் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. அவன் தரட்டும் என்று நின்றேன். தராமல் நான் போய் அந்தக் கொடியைப் பிடித்தால் அவனை உயிரோடு பாடையில் ஏற்றுவதாகும் என்று மனமார நினைத்தேன். அவனும் தான் கேட்கக் கூடாது என்று நினைத்திருப்பான். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே மிளகாய்க் கன்று செத்துக்கொண்டிருந்தது. என் மனைவி அங்குமிங்கும் ஓடி இரண்டு பேரையும் ஏசினாள். தேங்காய்க்குப் பழகின மாடுகள் என்றாள். சரியான பேர்தான்.

கடைசிப் பாத்தியும் வாடத் தொடங்கிய காலையில் அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பழைய பார்வை. நான் வேலியைத் தாண்டிப் போனேன். அவன் துலாக்கொடியை வலது உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடித்து, இடக்கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டு வந்து என் கையில் வைத்தான்.

“பிடி.”

நான் அழுதேன். அவன் அழவில்லை, போய் வாய்க்கால் வரம்பில் குந்தினான்.

அன்றிலிருந்து இரண்டு தோட்டத்துக்கும் நான்தான் பட்டை பிடித்தேன். ஒரு நாள் என் முறை, மறுநாள் அவன் முறை, எனக்கு ஓய்வு நாள் இல்லை. ஒவ்வொரு முறை நாளிலும் அவன் கொடியைக் கொண்டுவந்து அதேமாதிரித் தருவான், அதன் பிறகே நான் தொடங்குவேன். அவன் காலால் மண்ணைத் தள்ளிப் பாத்திக்குப் பாத்தி தண்ணீரை மாற்றிவிடுவான். வேலை முடிந்தால் வரம்பில் இருந்து என்னைப் பார்ப்பான். அந்த நாளில் பனையடியில் நான் இருந்த இருப்பு இப்போது அவனுக்கு. அவன் பிள்ளைகள் பட்டினி கிடக்கவில்லை. மூத்தவள் உடுவில் பள்ளிக்கூடத்தில் படித்தாள். மற்றவர்கள் வளர்ந்து உத்தியோகம் தேடிக் கொழும்புக்குப் போனார்கள். என் பிள்ளைகளும் அப்படியே. துலாக்கொடியைப் பிடிக்க யாரும் மிஞ்சவில்லை. முதல் கைக்கு நான் இருந்தேன். எனக்குப் பிறகு கை இல்லை.

சண்டை முடிந்து சில வருஷம் கழித்து மேற்கே ஓர் ஊரார் வந்தார்கள். திரும்பவும் போர்த்தேங்காய் தொடங்குகிறார்கள், கடைசிக் கையாக வர வேண்டும் என்றார்கள். சால்வையும் கொண்டுவந்திருந்தார்கள். எனக்கு ஆசை இல்லாமலா? தோள் இரண்டு தோட்டத்துக்கே போதவில்லை. தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். மச்சான் வேலிக்கு அங்காலே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த சோளகத்தில் என் தோள் கதைக்கத் தொடங்கியது. முதலில் விடியற்காலையில் மட்டும் குத்தும். பிறகு பட்டை மேலே வரும்போதெல்லாம். நான் உப்பு வறுத்து ஒத்தினேன், அதைத் தோட்டத்துக்குள் ஒளித்துச் செய்தேன். கோயிலில் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக் கும்பிட்டேன். மனைவி அதைக் கண்டாள். கண்டுவிட்டு வீடு வரும்வரை அழுதுகொண்டு வந்தாள்.

அவனுடைய முறை நாள் ஒன்றில், பாதித் தோட்டம் நனைந்திருக்கும்போது, பட்டை என் கையிலிருந்து வழுகிக் கிணற்றுச் சுவரில் அடித்தது. மிதித்தவர்கள் நின்றுவிட்டார்கள். நான் கொடியை எட்டிப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். தலையைத் தூக்கியபோது மச்சான் எனக்கு முன்னே நின்றான். இடக்கையை நீட்டிக்கொண்டிருந்தான். உள்ளங்கை மேலே பார்த்தபடி.

“தா மச்சான்” என்றான். “ஒரு பாத்திக்கு நான் பாக்கிறன்.”

அவன் வாழ்நாளில் ஒருவரிடம் எதையும் கேட்டு நான் கண்டதில்லை. அவனால் ஏலாது என்பது அவனுக்கும் தெரியும். ஆனாலும் நீட்டிக்கொண்டு நின்றான். வேலியில் என் மனைவி.

“இஞ்சாருங்கோ! குடுத்துத் துலையுங்கோவன்!”

வயல் வரம்பில் கேட்ட அதே குரல், அதே சொல். கொடுக்கத்தான் நினைத்தேன். விரல் திறக்கவில்லை. இவ்வளவு காலமும் அவன்மேல் நான் பட்ட கோபத்துக்கெல்லாம் பதில் என் கைக்குள்ளேயே இருந்தது. கொடுத்தால் பிறகு நான் யார்? அது ஒன்றுதான் அப்போது மனதில் வந்தது. “மிதியுங்கோடா” என்று மேலே நின்றவர்களைப் பார்த்துக் கத்தினேன். பட்டை இறங்கியது. அவன் கையை நீட்டியபடியே அந்தப் பாத்தி நிறையும்வரை நின்றான். பிறகு கையை இறக்கிக்கொண்டு வரம்புக்குப் போனான்.

முழுத் தோட்டத்தையும் இறைத்து முடித்தேன். மத்தியானம் மனைவி சோறு போட்டாள். பிசையக் குனிந்தேன், வலக்கை மடியிலேயே கிடந்தது. அவள் கிட்ட வந்து குந்தினாள். சாப்பாட்டுக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்து, சோற்றைக் குழைத்து, உருண்டையாகத் திரட்டி நீட்டினாள்.

“பிடியுங்கோ” என்றாள்.

நான் சுவர்ப்பக்கம் திரும்பிக் குந்தி, இடக்கையை நீட்டினேன்.